கொட்டகைக்குள் சிவந்த பால்

அவளை எல்லோரும் இமைக்காரி என்றுதான் சொன்னார்கள். கால்நடை மருத்துவமனையில் இருபத்தாறு வருடம் உதவியாளர் வேலை. ஆட்டை முழங்கால்களுக்கு இடையே இடுக்கி, கீழ் இமையைக் கட்டைவிரலால் மெல்ல இழுத்து, உள்ளே தெரியும் சதையின் நிறத்தைப் பார்ப்பாள். செக்கச்செவேல் என்றிருந்தால் விட்டுவிடுவாள். வெளுத்திருந்தால் குடற்புழு மருந்து. எல்லா ஆட்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினால் புழு மருந்துக்குப் பழகி, அதைத் தண்ணீர் மாதிரி குடித்துவிட்டுப் படுத்துக்கொள்ளும் என்பாள். மனிதர்களையும் விட்டதில்லை. தன்னைக் கட்டிக்கொள்ள வந்தவரின் இமையையே முதல் நாள் இழுத்துப் பார்த்து, "தேறும்" என்றாளாம். அவரும் முப்பது வருடம் தேறினார்.

அந்த இமைக்காரியின் சொந்தத் தம்பி வீட்டில்தான் ஆடுகள் செத்துக்கொண்டிருந்தன.

மழைக்காலம் தொடங்கிய மூன்றே வாரத்தில் ஐந்து போயின. கடித்த காயம் இல்லை. கழிச்சல் இல்லை. நேற்று மேய்ந்தது, இன்று கொட்டகை மூலையில் கால் மடக்கிப் படுத்தபடி விறைத்துக் கிடக்கும். ஒன்றை அறுத்துப் பார்த்தபோது ரத்தமே வரவில்லை என்றான் தம்பி. வந்த கொஞ்சமும் கழுவின தண்ணீர் மாதிரி கத்தியில் ஒட்டாமல் ஓடியதாம். அன்று முதல் அவன் வாசலில் நின்று பேசும்போதும் கொட்டகையின் பக்கம் முதுகைக் காட்டுவதில்லை.

ஆறாவது செத்த அன்று காலை அக்காவுக்கு ஆள் அனுப்பினான். அவள் வந்து சேர உச்சிவெயில் ஆகிவிட்டது.

"அக்கா, நாளன்னிக்கு வண்டி வருது. மிச்சம் இருக்கிற பதினாறையும் கறிக்கடைக்காரனுக்கு ஏத்தி விட்டுட்டு நாங்களும் வீட்டப் பூட்டிட்டுக் கெளம்பறோம்."

"எங்கடா கெளம்பறே? ஆடு செத்தா வீட்டப் பூட்டுவாங்களா?"

"ரத்தம் குடிக்கிற ஒண்ணு உள்ள இருக்கு. சிரிக்காதே."

அவள் சிரிக்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் அவளே வந்து கொட்டகைக்குள் வைத்தே இருபத்திரண்டு இமைகளையும் பார்த்து, "எல்லாம் செவப்பு. பூச்சி இல்ல, மருந்து வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் முதல் ஆடு விழுந்தது.

தம்பி மனைவி அடுக்களையிலிருந்து ஈரக் கையோடு வந்தாள். "தாடையச் சொல்லுங்க அண்ணிகிட்ட."

"என்ன தாடை?"

"சாயங்காலம் மேஞ்சுட்டு வரும்போது தாடைக்குக் கீழ பை மாதிரி தொங்குது அண்ணி. தொட்டா கொழகொழன்னு. காலையில பாத்தா ஒண்ணுமே இருக்காது. பகல்ல யாரோ தாடையப் புடிச்சுத் தொங்கிட்டு, ராத்திரி விட்டுட்டுப் போற மாதிரி. எதெதுக்குப் பை தொங்குதோ அதது போயிடுது."

இமைக்காரி சடாரென்று நிமிர்ந்தாள். பேய்க்குப் பயந்து அல்ல. ரத்தம் நீர்த்துப்போன ஆடு நாளெல்லாம் தலையைக் குனிந்து மேய்ந்தால் தாடைக்கடியில் நீர் இறங்கும். தலை நிமிர்ந்து படுத்தால் வடியும். அவளுக்கு அது மனப்பாடம்.

"இதை ஏம்மா எங்கிட்ட மொதல்லயே சொல்லல?"

"நீங்கதான் பூச்சி இல்லன்னு சொல்லிட்டுப் போயிட்டீங்களே."

இமைக்காரி விறுவிறுவென்று கொட்டகைக்குள் போனாள்.

உள்ளே காற்று அசையவில்லை. பழைய தகரம் ஒழுகியதால், மழைக்கு முன்பே இடித்துப்போட்ட ஏதோ கடையின் முகப்பிலிருந்த சிவப்புப் பிளாஸ்டிக் தகடுகளை வாங்கிக் கூரை போட்டிருந்தான் தம்பி. வெயில் அதன் வழியாக இறங்கிப் பழுத்துக் கிடந்தது. பதினாறு ஆடுகளும் அசை போடுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தன. முதல் ஆட்டைப் பிடித்தாள். இமைக்குள் சிவப்பு. அடுத்தது. சிவப்பு. மூளிக்காது என்று அவர்கள் கூப்பிடும் சினை ஆடு எழுந்து நிற்கவே தடுமாறியது. அதன் இமையும் சிவப்பு. செத்துக்கொண்டிருக்கும் உடம்பில் உயிருள்ள கண். இருபத்தாறு வருடத்தில் அவள் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. இழுத்த இமையை விட மறந்து நின்றாள். ஆடும் இமைக்காமல் பார்த்தது.

அவளுக்கே தோன்றிவிட்டது: தம்பி சொல்வது நிஜமோ?

அப்போதுதான் பின்னாலிருந்து ஓர் அலறல்.

காலையில் செத்த ஆட்டின் குட்டி பசியில் கத்திக்கொண்டிருந்தது. அதற்காக வேறொரு ஆட்டைக் கொட்டகைக்குள்ளேயே வைத்துக் கறந்திருந்தாள் தம்பி மனைவி. வழக்கமாக வெளியே முற்றத்தில் வைத்துத்தான் கறப்பாள், இன்று அவசரம். கறந்து நிமிர்ந்தவள் பாத்திரத்தைப் பார்த்து அலறினாள்.

"அண்ணி! ரத்தம்! பால்ல ரத்தம்!"

இமைக்காரி எட்டிப் பார்த்தாள். பாத்திரத்தில் பால் இளஞ்சிவப்பாகத் தளும்பியது. தம்பி வாசலிலேயே நின்றுவிட்டான். "கீழ கொட்டாதே, கொட்டாதே" என்று அவன் கத்தியதற்கு என்ன காரணம் என்று அவனுக்கே தெரியாது.

இமைக்காரி பாத்திரத்தை வாங்கிக்கொண்டு வெளிச்சத்துக்கு நடந்தாள். நிலைப்படியைத் தாண்டியதும் பால் வெள்ளையானது.

ஒரு அடி பின்னால் வைத்தாள். சிவந்தது. முன்னால். வெளுத்தது. நாலைந்து முறை உள்ளேயும் வெளியேயும் போய் வந்தாள். கணவனும் மனைவியும் அவளுக்கும் ஏதோ ஏறிவிட்டதென்று ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

"மூளிக்காத வெளிய கொண்டா" என்றாள் மெதுவாக. "நடக்க விடாதே. தூக்கிட்டு வா."

வெயிலில் அதன் இமையை இழுத்தாள். உரித்த பூண்டு மாதிரி இருந்தது. ஒரு சொட்டுச் சிவப்பு இல்லை.

அவள் கொட்டகையின் சிவப்புக் கூரையை நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கூரை இருபத்திரண்டு இமைகளுக்கும் சாயம் பூசி அவள் முன்னால் நிறுத்தியிருக்கிறது. அவளும் கண்ணை மட்டும் நம்பி, வெளிச்சத்தைப் பற்றி யோசிக்காமல் தலையாட்டியிருக்கிறாள்.

பிறகு மருத்துவருக்குப் போன் போட்டாள். ஒவ்வொரு ஆடாக வெயிலுக்கு வந்தது. பதினாறில் பதினொன்று வெளுப்பு.

மருத்துவர் சாயங்காலத்துக்கு முன் வந்தார். புழுக்கையை டப்பாவில் போட்டுக்கொண்டு, காலையில் செத்த ஆட்டின் வயிற்றைத் திறந்தார். நான்காவது இரைப்பையை அவர் கீறி விரித்தபோது தம்பி குனிந்து பார்த்தான். உள்பக்கம் முழுக்க நூல் நூலாக, சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய இழைகள். விரற்கடை நீளம். ஆயிரக்கணக்கில். ஆடு செத்து அரை நாள் ஆகியும் அவை நெளிந்துகொண்டிருந்தன.

"அப்போ ரத்தம் குடிக்கிற ஒண்ணு உள்ள இருக்குன்னு நான் சொன்னது?"

"சரிதான் தம்பி. இடத்ததான் மாத்திச் சொல்லிட்டே" என்றாள் இமைக்காரி.

மருந்தைக் குத்துமதிப்பாக ஊற்றக்கூடாது, எடைக்கு ஏற்ற அளவு வேண்டும் என்றார் மருத்துவர். வீட்டில் ஆள் ஏறி எடை பார்க்கும் சின்ன மெஷின் இருந்தது. இமைக்காரி முதலில் மூளிக்காதைக் கட்டிக்கொண்டு ஏறி நின்றாள். ஆட்டின் வயிறு மறைத்ததால் முள்ளை அவளால் பார்க்க முடியவில்லை.

"எண்பத்தொம்பது!" என்றான் தம்பி.

"தெருவுக்கே கேக்கட்டும்."

"இப்ப ஆட்ட எறக்கிட்டு நில்லுக்கா, கழிக்கணும்."

"அறுபத்தி ரெண்டுன்னு வெச்சுக்கோ."

தம்பி மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "அண்ணி, அப்ப இந்த ஆட்டுக்கு நாலு கிலோவுக்கு மருந்து கொறைஞ்சு போயிடும்."

பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள். அறுபத்தாறு. ஆடு இருபத்துமூன்று. சினை ஆட்டுக்கு ஆகுமா என்று மருத்துவரிடம் இரண்டு முறை கேட்டுவிட்டு, கடைவாய் ஓரமாகக் குழாயை விட்டு, ஆடு விழுங்க விழுங்கப் பொறுமையாக ஊற்றினாள். தலையை அண்ணாத்திப் பிடித்தால் மருந்து மூச்சுக்குழாய்க்குப் போய்விடும். புழுவால் சாக வேண்டியது மருந்தால் சாகும்.

பதினோராவது ஆடு முடிந்ததும் கையைக் கழுவாமலே சொன்னாள்: "செத்த ஆறையும் நான்தான் கொன்னேன்."

தம்பி கூரையைப் பார்த்தான். அவன் மனைவிதான் பேசினாள்.

"தகட்ட வாங்கினது உங்க தம்பி. செவப்புதான் வேணும், அதுக்குள்ள நின்னா நம்மளே அழகாத் தெரியறோம்னு கேட்டது நான். ஆளுக்கு ரெண்டுன்னு பங்கு போட்டுக்கலாம் அண்ணி. நீங்க மட்டும் எல்லாத்தையும் எடுத்துக்காதீங்க."

வெளுத்த பதினொன்றில் இரண்டு அடுத்த நாட்களில் போய்விட்டன. மருந்து போய்ச் சேரும்போது உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. வண்டிக்காரனை வரவேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். தகடுகள் இறங்கின. பதினான்காம் நாள் தம்பியே போன் செய்து, "வந்து பாத்துச் சொல்லுக்கா" என்றான். முற்றத்து வெயிலில் மூளிக்காதின் இமை ரோஜா நிறத்துக்குத் திரும்பியிருந்தது. வயிற்றில் குட்டி உதைத்தது.

ஆடுகள் மேய்ச்சலுக்கு முண்டியடித்தன. படல் கதவில் கை வைத்த தம்பியை அவள் தடுத்தாள்.

"குளத்தோரம் இந்த மழை முடியற வரைக்கும் கெடையாது. மேட்டுப் பக்கம் ஓட்டு. அங்கயும் பனி காயட்டும்."

"ஏன், குளத்தோரத்துல என்ன இருக்கு?"

"புழுக்கையில விழுந்த முட்டையெல்லாம் புழுவாப் பொரிச்சு, ஈரத்தோட ஈரமா புல்லு நுனிக்கு ஏறி நிக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஆட்டு வாய் வர்ற வரைக்கும் நிக்கும்."

அவன் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை. எதிரே குளக்கரை வரை இடுப்பளவு புல், ஒவ்வொரு நுனியிலும் ஒரு சொட்டு நீரோடு, அசையாமல் நின்றது. அவ்வளவு பசுமையை அவன் அதற்கு முன் பயத்தோடு பார்த்ததில்லை.

"எவ்வளவு நேரம் காயணும்?" என்று கேட்டான், குரலைத் தாழ்த்தி, புல்லுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போல.