நிரையை விட்டு இறங்குதல்

இந்தக் கதை எனக்குத் தொடங்கிய இடம் ஆஸ்பத்திரிக் கழிப்பறையின் வாசல். கையில் அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் ஜாடி. வார்டில் சேர்ந்து மூன்றாவது நாள் அது. குடிக்கிற தண்ணீரையும் போகிற சிறுநீரையும் மணிவாரியாக எழுத என் கட்டிலின் கால்மாட்டில் நர்ஸ் ஒரு தாள் மாட்டியிருந்தார். ஜாடியோடு திரும்பி வந்தபோது டொக்டர் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிங்களவர். தமிழை நிறுத்தி நிறுத்தித் தெளிவாகப் பேசுவார்.

"வேலை நேரத்துல எத்தனை தடவை போவீங்க, தங்கச்சி?"

"போறதில்ல டொக்டர்."

"ஒரு தடவையும்?"

"காலையில வீட்ல. அப்புறம் அந்திக்கு வீட்ல."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "தண்ணி குடிக்கிறதில்லையா?"

"குடிச்சா போகணுமே."

சொல்லும்போது எனக்கு அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. பக்கத்துக் கட்டில் அக்கா "ஆமாங்க" என்றார். அவருக்கு அடுத்த கட்டிலில் இருந்தவரும் தலையாட்டினார். மூன்று பேரும் மூன்று தோட்டங்களைச் சேர்ந்தவர்கள், ஒருவரை ஒருவர் முன்பின் பார்த்ததில்லை, ஆனால் சொல்லிவைத்தாற்போல் ஒரே பதில். டொக்டரின் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. என் உடம்புக்குள் மட்டும் நடந்த சங்கதி இல்லை இது. நாங்கள் வேலை செய்கிற முறையே இப்படி.

நான் இலங்கை மலையகத்தில், வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தர். கொழுந்து எடுக்கும் பெண்களை மேற்பார்வை செய்வதுதான் வேலை. உயர்தரம் முடித்து, தேயிலைப் பயிர்ச்செய்கையில் டிப்ளோமா எடுத்து, இருபத்து நான்கு வயதில் சேர்ந்தேன். அந்தத் தோட்டத்தில் இந்த வேலைக்கு வந்த முதல் பெண் நான். அம்மா இன்னும் நோட்டன் பிரிட்ஜ் பக்கம் கொழுந்து எடுக்கிறார். மலையில் நிற்கிற பெண்களுக்காகவும், அவர்களை நிற்கவைக்கிற என்னைப் போன்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் வந்தது குளிர். காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில், பற்கள் அடித்துக்கொண்டன. பனி என்று நினைத்தேன். இடது விலாவுக்குக் கீழே முதுகு வலித்தது. சரிவில் ஏறி இறங்குவதால் என்று சொல்லிக்கொண்டேன். சிறுநீர் போகும்போது எரிந்தது. அதற்கு மட்டும் ஒரு காரணமும் கண்டுபிடிக்க முடியாததால், அதை நினைக்காமல் விட்டுவிட்டேன்.

ஐந்து நாள் பனடோல் மாத்திரையில் ஓட்டினேன். ஆபீசில் மற்ற எல்லோரும் ஆண்கள். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் என்ன சொல்வது? அதோடு, அந்த மாதம் கொழுந்து எடையில் என் பொறுப்பில் இருந்த மலைதான் முதலில் வரவேண்டும் என்ற வெறி வேறு. ஆறாம் நாள் நிறுவைத் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. கொழுந்துச் சாக்கு ஏற்றுகிற லொறியின் முன்சீட்டில் வைத்து என்னைக் கீழே கொண்டுவந்தார்கள்.

சிறுநீரகத் தொற்று என்றார்கள் (சிறுநீர்ப்பையில் தொடங்கும் கிருமி மேலேறி சிறுநீரகத்தைத் தாக்குவது). அது இரத்தத்திலும் கலந்திருந்தது. பன்னிரண்டு நாள் வார்டு. நாளத்தில் ஊசி வழியாக மருந்து. ஸ்கேனில் இடது சிறுநீரகம் வீங்கியிருந்தது. ஆறிய பிறகும் அதில் ஒரு தழும்பு இருக்கும் என்றார் டொக்டர். வெளியே தெரியாத இடத்தில் ஒரு தழும்பு. அதைப் பழகிக்கொள்ளவே எனக்குப் பல நாள் ஆனது.

இங்கே நிரை பற்றிச் சொல்ல வேண்டும். தேயிலைச் செடிகளின் வரிசைதான் நிரை. காலையில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு நிரை பிரித்துக் கொடுப்போம். கொழுந்தை எடைபோடும் நிறுவை வரைக்கும் அதை விட்டு இறங்கக் கூடாது. இறங்கினால் பக்கத்து நிரைக்காரர் முந்திவிடுவார். பணிய, அதாவது கீழே, லயத்து வீடுகளுக்குப் போய்த் திரும்ப ஒரு மணி நேரம் ஆகும். எடை குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான், பாதி நாள் வேலை செய்ததாகத்தான் பதிவு. நிரையை விட்டு இறங்கக் கூடாது என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. வேலைக்கு வந்த முதல் வாரம் அதைக் கற்றுக்கொண்டேன். இரண்டாம் வாரம் மற்றவர்களுக்குச் சொல்லத் தொடங்கிவிட்டேன்.

என் மலையில் செல்வராணி அக்கா என்று ஒருவர். நாற்பதைத் தாண்டியவர், வேகமான கை. நான் விழுவதற்கு இரண்டு மாதம் முன்னால் ஒரு நாள் கேட்டார். "மிஸ், கொஞ்சம் பணிய போயிட்டு வரவா?"

"நிறுவைக்கு இன்னும் அரைமணி நேரந்தானே அக்கா. முடிச்சிட்டே போங்க."

அவர் சிரித்துவிட்டுத் திரும்பினார். அக்கா என்று மரியாதையாகச் சொன்னதில் எனக்கு அன்றைக்கு ஒரு திருப்தி இருந்தது. அதுவும் ஞாபகம் இருக்கிறது.

நான் வார்டில் சேர்ந்த ஆறாம் நாள் அவர் தோடம்பழத்தோடு பார்க்க வந்தார். எனக்குத் துணைக்கு அம்மா இருந்தார்.

"என்ன மிஸ், எங்க வருத்தத்த நீங்க எடுத்துக்கிட்டு வந்து படுத்திருக்கீங்க?"

"ஒங்க வருத்தமா?"

"பின்ன? மலையில யாருக்கு இல்ல? ரெண்டு பனடோல், கொத்தமல்லித் தண்ணி, ஒரு வாரம் மூச்சு விடாம இருந்தா போயிரும். ஆபீஸ்காரங்கள இது கிட்ட அண்டாதுன்னுல்ல நெனச்சோம்!"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு ஓய்ந்ததும் செல்வராணி அக்கா குரலைத் தாழ்த்தி அம்மாவிடம் சொன்னார்: "எனக்கு இப்ப கொஞ்ச நாளா நொர நொரயா போகுதுக்கா. காலும் வீங்குது."

நான் படுக்கையிலிருந்து நர்ஸைக் கூப்பிட்டேன். செல்வராணி அக்கா எழுந்துவிட்டார். "நாளைக்கு வேல இருக்கு மிஸ், அடுத்த மாசம் பாப்போம்." அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அப்படியே வெளிநோயாளர் பகுதிக்கு நடத்திக்கொண்டு போனார்.

அவருக்குக் கிரியாற்றினின் கூடியிருந்தது (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு, அது இரத்தத்தில் ஏறினால் சிறுநீரகம் சளைக்கிறது என்று அர்த்தம்). இரத்த அழுத்தமும் ஏறியிருந்தது. அடுத்த வாரம் எடுத்த ஸ்கேனில் இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கியிருந்தன. எதனால் என்று கேட்டேன். பிரஷராக இருக்கலாம், கவனிக்காமல் விட்ட பழைய தொற்றுகளாக இருக்கலாம், இரண்டும் சேர்ந்திருக்கலாம், இதனால்தான் என்று ஒன்றைக் காட்டிச் சொல்ல முடியாது என்றார் டொக்டர். "போனது திரும்பி வராது. மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்தலாம். மாத்திரை, நான் சொல்ற அளவு தண்ணி, அடக்காம போறது. இந்த மூணும் தவறக் கூடாது."

(அந்தத் தண்ணீர் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். சிலருக்குக் கூட்டுவார்கள், சிலருக்குக் குறைப்பார்கள். எனக்குச் சொன்னதை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் டொக்டரைக் கேளுங்கள்.)

மாத்திரையை ஆஸ்பத்திரி கொடுக்கும். மற்ற இரண்டும் என் மலையில் இருந்தன. அந்த மலையில் செல்வராணி அக்கா நிரையை விட்டு இறங்க முடியுமா, முடியாதா? அவருடைய மிச்சச் சிறுநீரகம் அந்தக் கேள்வியில் நின்றது.

"நீங்க அன்னைக்குச் சொன்னதால இல்ல மிஸ்," என்றார் அவர், நான் ஒன்றும் கேட்காமலேயே. "நீங்க வர்றதுக்கு முன்ன எத்தன வருசம்."

ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். பெரட்டுக்கு ஏறும் படிகளில் இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. தொரையை, அதாவது தோட்ட நிர்வாகியைப் பார்க்கப் போனபோது எழுதிக் கொண்டுபோயிருந்ததை வாசிக்காமல் வாயாலேயே சொன்னேன். மலையில் தண்ணீரும் மறைவிடமும் வேண்டும், இறங்கிப் போக நேரம் வேண்டும் என்றேன்.

அவர் கடுமையானவர் இல்லை. ஜன்னல் வழியாகத் தெரிந்த மலையைக் கையால் காட்டிச் சொன்னார்: "ஒரு மலை. ஒரு மாசம். கொழுந்து குறைஞ்சா பழையபடிதான். சரியா?"

சரி என்றேன். கால் தரையில் படவில்லை எனக்கு. அன்று மாலையே சிறுநீரகப் படம் போட்டு ஒரு அறிவித்தல் அடித்தேன். ரோட்டோரமாக நீலத் தார்ப்பாயில் ஒரு மறைப்புக் கட்டவைத்தேன். பத்து மணிக்கும் ஒன்றரைக்கும் ஊத ஒரு விசில் வாங்கினேன்.

முதல் நாள் பத்து மணிக்கு ஊதினேன். மலை முழுக்கத் தலைகள் நிமிர்ந்தன. பிறகு எல்லாத் தலைகளும் குனிந்தன. கைகள் நிற்கவேயில்லை.

கடைசி நிரையிலிருந்து ஒரு குரல் வந்தது. "விசில் ஊதினா வந்துருமா மிஸ்? நாங்க என்ன இஸ்கூல் புள்ளைங்களா?"

மலையே சிரித்தது. மூன்று நாள் ஊதினேன். ஒருவரும் போகவில்லை. நாலாம் நாள் பகல் நிறுவைக்குப் பிறகு, ரொட்டி சாப்பிட உட்கார்ந்தவர்களுக்கு நடுவில் போய் நானும் உட்கார்ந்தேன். என்ன செய்தால் போவீர்கள் என்று கேட்டேன். வேலைக்கு வந்த ஒன்றரை வருடத்தில் அவர்களிடம் நான் ஒன்றைக் கேட்டது அன்றுதான். அதுவரை சொன்னது மட்டும்தான்.

"அந்த நீலத் தார்ப்பாய்க்குள்ள யாரு போறாங்கன்னு வட்டவளை ஸ்டேசன்ல ரயிலுக்கு நிக்கிறவனுக்கும் தெரியும்."

"சாக்குத் தூக்குற ஆம்பளைங்க நிக்கிற எடத்துலயா கட்டுவாங்க?"

"இந்தப் படங்க அவுத்துக் கட்டுறதுக்குள்ள நிறுவை வந்துரும் மிஸ்." படங்கு என்பது ஈரம் படாமல் இடுப்பில் சுற்றிக் கயிற்றால் இறுக்கும் தடித்த துணி. மழையில் அந்த முடிச்சை அவிழ்ப்பது எவ்வளவு பாடு என்று மழைக்கோட்டும் காற்சட்டையும் போட்ட எனக்குத் தெரியவில்லை.

செல்வராணி அக்கா கடைசியாகப் பேசினார். "நிரைய யாரு பாத்துக்குவா? அதச் சொல்லுங்க மொதல்ல."

அதற்கான வழியையும் அவர்களே சொன்னார்கள். ஒருத்தி இறங்கினால் இரண்டு பக்கத்து நிரைக்காரரும் அவள் நிரையைப் பாதி பாதி எடுத்து அவள் பையிலேயே போடுவார்கள். யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. மறைப்பைக் கற்பாறைக்குப் பின்னால் மாற்றினோம், பழைய சாக்குத் துணியில். படங்குக் கயிற்றுக்குப் பதிலாகக் கிழிந்த பள்ளிக்கூடப் பையிலிருந்து வெட்டிய கொளுக்கியோடு ஒருத்தி வந்தாள். ஒரு வாரத்தில் ஏழெட்டுப் பேர் இடுப்பில் அதைப் பார்த்தேன். விசில் என் மேசை லாச்சியில் கிடக்கிறது.

இப்போது மூன்றாவது வாரம். கொழுந்து குறையவில்லை, கூடவுமில்லை. சிலர் போகிறார்கள். செல்வராணி அக்கா இரண்டு நாள் போனார், நாலு நாள் போகவில்லை. ஏன் என்று கேட்டேன். தண்ணீர்ப் போத்தலை மூடிக்கொண்டே சொன்னார்: "நீங்க போறத நாங்க ஒரு நாளும் பாத்ததில்லையே மிஸ்."

உண்மைதான். வார்டில் கட்டில் தாளில் அத்தனை எழுதியவள், மலையில் இன்னும் அடக்கிக்கொண்டு, வீடு போய்ச் சேரும் வரை நடந்துகொண்டிருந்தேன். அதிகாரி இறங்கிப் போவதை நாற்பது பேர் பார்ப்பதா?

முன்பு என் நாளுக்கு மூன்றே பொழுதுகள்: காலை நிறுவை, பகல் நிறுவை, அந்தி நிறுவை. உடம்பு அவற்றைச் சுமந்துகொண்டு போகிற ஒன்று, அவ்வளவுதான். இப்போது இடது விலாவுக்குக் கீழே ஓர் இடம் இருக்கிறது. குளிர் காற்று பட்டால்கூட அது தன்னைச் சொல்கிறது. ஒவ்வொரு நடுக்கத்திலும் பயம் வருகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உடம்பு கூப்பிடுகிறது. அதற்குப் பதில் சொல்லாமல் கடந்த நேரத்தை வேலை செய்த நேரம் என்று எண்ண இனி என்னால் முடியாது.

திங்கட்கிழமை மேமலைக்கு ஏறுகிறோம். தொரை கொடுத்த மாதத்தின் கடைசி வாரம் அது. செங்குத்தான மலை. மறைப்பு வெகு கீழேதான் கட்ட முடியும். போகிற வழி எல்லா நிரைகளுக்கும் தெரியும். செல்வராணி அக்காவுக்கு ஓர நிரை தரலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். "ஓரத்துல விட்டா நோயாளின்னு ஆயிரும். நடுவுலயே நிக்கிறேன்."

அன்று பத்து மணிக்குள் எனக்குப் போக வேண்டியிருக்கும். பதிவுக் கொப்பியைப் பக்கத்தில் இருப்பவர் கையில் கொடுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி "நான் போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு, அத்தனை கண்களும் பார்க்க, நடுவழியாகவே இறங்கப் போகிறேன். திரும்பி ஏறும்போது, எனக்குப் பின்னால் யார் இறங்கினார்கள், யாருடைய நிரை காலியாக இருக்கிறது என்று பார்க்க மாட்டேன்.