தெருவுக்கு நான் போட்ட தடையும் மாநகராட்சி போட்ட தடையும்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். விம்கோ நகர் பக்கம் ஒரு பட்டறையில் சம்மட்டி அடிக்கப் போனேன். பிறகு திருவொற்றியூரில் சொந்தமாகவே பட்டறை போட்டேன். யாரும் கைதூக்கிவிடவில்லை. நாற்பது வருடமாக லாரிகளுக்குப் பட்டை மாற்றுகிறேன். வண்டியின் பாரத்தைத் தாங்க அடியில் அடுக்கடுக்காக இருக்குமே, அந்த இரும்புப் பட்டை. துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்களில் பாதியாவது என் கை பட்டதாகத்தான் இருக்கும்.

அப்படி ஒரு டிரெய்லர்தான் ஒருநாள் என் சம்சாரத்தின் முந்தானையை உரசிக்கொண்டு போனது.

எங்கள் தெரு எண்ணூர் நெடுஞ்சாலைக்குப் பின்பக்கம். துறைமுக வரிசையில் நிற்கப் பொறுமை இல்லாத டிரைவர்கள் இதற்குள் புகுந்து ஓட்டிப்போய், வரிசைக்கு முன்னால் சொருகிக்கொள்வார்கள். எதிர்வீட்டு மாடியில் என் சம்சாரத்தின் தங்கை இருக்கிறாள். அவளுக்கு முட்டி தேய்ந்துவிட்டது, படி இறங்க முடியாது. அதனால் தினமும் குழம்பு கொதித்ததும் ஒரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு இவள்தான் தெருவைத் தாண்டிப் போவாள். அன்று கிண்ணம் நடுத்தெருவில் நசுங்கிக் கிடந்தது. இவள் மேல் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அதற்கப்புறம் அந்தத் தெருவைத் தாண்டவே மாட்டேன் என்றுவிட்டாள். இவள் வாசலில் நிற்பாள், அவள் மாடி ஜன்னலில் நிற்பாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே போனில் பேசுவார்கள். லாரி வந்தால் இரண்டு பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். போனபின் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். மாதக்கணக்கில் இப்படியே போனது. எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

மனு எழுத எனக்கு வராது. கொத்து வேலை வரும். ஆயுத பூஜை அன்று ஒரு லாரியும் ஓடாது, எல்லாம் மாலை போட்டுக்கொண்டு நிற்கும். அந்த நாளைப் பிடித்தேன். தெரு ஆட்கள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, ஜல்லியும் சிமென்ட்டும் கலந்து, பட்டறையில் கிடந்த ஒடிந்த பட்டைகளைக் கம்பிக்குப் பதில் உள்ளே படுக்கவைத்து, சாண் உயரத்துக்கு ஒரு வேகத்தடை கட்டினேன். சந்தனம், குங்குமம் வைத்துப் பூசணிக்காயும் சுற்றி உடைத்தோம்.

டீக்கடைக்காரன் சும்மா இருப்பானா?

"இன்னா நைனா, பட்டறைல வேல இல்லன்னு ரோட்டுலயே பட்டை ஒடிக்க ஏற்பாடு பண்ணிட்டியா?"

"போடா டேய். ஒன் டீக்கு இது எவ்ளோவோ தேவல," என்றேன்.

ஆனால் நடந்தது வேறு. காலி டிரெய்லர்காரன் எதற்கும் பயப்படவில்லை. அதே வேகத்தில் ஏறி இறங்கினான். வீட்டுப் பாத்திரமெல்லாம் ஆடியது. அடிபட்டது பைக்கும் ஆட்டோவும்தான். கண் பரிசோதனைக்கு என் சம்சாரத்தை வாசலிலேயே ஆட்டோவில் ஏற்றி அழைத்துப்போனபோது, வண்டி என் தடையில் எகிறி, அவள் தலை மேல்கம்பியில் இடித்து வீங்கிவிட்டது.

"லாரி வுட்டுட்டுப் போனத நீ முடிச்சி வக்கலாம்னு கீறியாய்யா?" என்று கேட்டாள். 

அடுத்த வாரம் மாநகராட்சியிலிருந்து ஒரு பெண் என்ஜினியர், உடைக்கிற மெஷினோடு வந்து இறங்கினார்.

"யாருங்க இதக் கட்டினது?"

"நான்தான் மேடம். பத்து டன்னு ஏறினாலும் அசையாது."

"அதான் பெரியவரே பிரச்சினை. இது ஸ்பீடு பிரேக்கர் இல்ல, செவுரு."

என் பட்டைகளில் பட்டு மெஷின் இரண்டு தடவை நின்றுபோனது. அந்த அவமானத்திலும் உள்ளுக்குள் எனக்கு ஒரு சந்தோஷம்தான். போலீஸில் சொல்லி என்னை அலையவிட்டிருக்கலாம் அந்த அம்மா. செய்யவில்லை. மெஷின் நின்ற நேரத்தில் என் பக்கத்தில் வந்து, "எதுக்காகக் கட்டினீங்க?" என்று கேட்டார். வாசலில் போனும் கையுமாக நின்றவளைக் காட்டினேன். அவர் மாடி ஜன்னலையும் பார்த்துக்கொண்டார்.

"சரி. லாரி எந்த எடத்துல வேகம் எடுக்குதுன்னு தெரியுமா?"

என்னிடம் கேட்கவேண்டிய கேள்வி அது. "திரும்புறப்போ ரெண்டாவது கியர்ல வருவான் மேடம். கொஞ்சம் தள்ளி மூணாவது போடுவான். போட்டுட்டான்னா அப்பறம் எதயும் மதிக்கமாட்டான். போடறதுக்கு முன்னாலயே அவன் கால பிரேக்குக்கு இஸ்துக்கணும்."

அவர் ஒரு தட்டில் சுண்ணாம்புத்தூளை எடுத்துக்கொண்டு தெருமுனைப் பக்கம் போய் ஓரமாக நின்றார். நான் வாசலில் கண்ணை மூடிக்கொண்டேன். கியர் விழுகிற சத்தம் கேட்டதும் கையைத் தூக்குவேன்; வண்டி அப்போது இருக்கிற இடத்துக்கு நேராக அவர் ஓரத்தில் தூளைப் போடுவார். ஏழு லாரி. ஏழு புள்ளியும் தெருத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலேயே, நாலடிக்குள் விழுந்தன. படித்தவர்கள் வேண்டுமானால் வந்து செய்து பார்க்கட்டும்.

இரும்புக் கம்பம் கட்டி உயரமான வண்டியையே மறித்துவிடலாம் என்று தெருவில் சிலர் கேட்டார்கள். "அப்புறம் தண்ணி லாரி எப்படி வரும்?" என்றார் அவர். முறையான தடை கேட்டு மனுவை அவர் சொல்லச்சொல்ல, நம் டீக்கடைக்காரன்தான் எழுதினான். வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினது நான். போக்குவரத்துப் போலீஸ் அனுமதிக்கு மூன்று முறை அலைந்தது அந்த அம்மா. கடைசியில் தொட்டிக்குச் சற்று முன்னால், கட்டில் அகலத்துக்கு, தாழ்வாக, தாரில் ஒரு தடை போட்டார்கள். வெள்ளைக் கோடும் பலகையும் வந்தன. பட்டையும் ஒடியாது, தலையும் வீங்காது. நான் கட்டினதைவிட நல்லதுதான். இதை வேறு யாரிடமும் நான் ஒப்புக்கொண்டதில்லை.

கோடு காய்ந்த மறுநாள் என் சம்சாரம் வாசலில் நின்று இரண்டு லாரிகளைப் போகவிட்டுப் பார்த்தாள். இரண்டும் தடையில் பம்மிப் பம்மித்தான் போயின. மூன்றாவது வண்டி தடை ஏறி மெதுவாக வந்து நின்றேவிட்டது. டிரைவர் தலையை நீட்டினான்.

"போ ஆயா, போ."

"யார்ரா ஒனக்கு ஆயா?" என்று கையை ஆட்டித் திட்டிக்கொண்டே தாண்டிவிட்டாள்.

நான் மாநகராட்சி ஆபீசுக்கு ஓடினேன். சொன்னதும் என்ஜினியர் அம்மா எழுந்து நின்று, "நிஜமாவா?" என்றார். கையெடுத்துக் கும்பிட்டேன். நான் சுலபத்தில் கும்பிடுகிற ஆள் இல்லை. அவர் நன்றாக இருக்கவேண்டும்.

திரும்பி வந்தால் வீட்டில் ஆள் இல்லை. எதிர் மாடியிலிருந்து குரல் வந்தது.

"யோவ், சோத்த நீயே போட்டுத் துன்னு. நான் வர நேரமாவும்!"

போட்டுத் தின்றேன். இரண்டு பேர் சிரிப்பும் ஒரே ஜன்னலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது.