அழகர்சாமி அண்ணன் சலிக்காத குவியல்

பள்ளியில் காலைப் பிரார்த்தனை முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். மதுரை பஸ்ஸில் வந்து இறங்கிய மாயாண்டி, வாசலிலேயே நின்றுவிட்டார். ஒரு காலத்தில் எங்களுக்கு மாட்டு வண்டி ஓட்டியவர். டி. கல்லுப்பட்டி வரை அவர் என்னைத் தேடி வந்ததே இல்லை.

"அழகர் அண்ணே போயிட்டாருய்யா. நேத்து சாயங்காலம். காபியைக் குடிச்சிட்டு உக்காந்தவரு, அப்படியே சாஞ்சிட்டாரு."

சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டு அவருடன் கிளம்பினேன். ஒன்றரை மணி நேரப் பயணம்.

மதுரை வில்லாபுரத்துக்காரர்களுக்கு அழகர்சாமி அண்ணன் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுத்த மனிதர். சிரிக்காமல் கேலி பேசுவார், அவ்வளவுதான் தெரியும். அதற்கு முன்பு அவர் மதுரையின் குப்பையை வயலுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். எழுபதுகளின் நடுவில், தெற்கே ஒரு தரிசில், விவசாயிகள் சிலர் சேர்ந்து நடத்திய உரக்கிடங்கு அது. ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேலை உத்தரவுக்காகக் காத்திருந்த நான், சும்மா இருப்பானேன் என்று அவருடன் சேர்ந்துகொண்டேன். என்னைவிட நான்கு வயது மூத்தவர். நண்பர் என்றுதான் சொல்ல வேண்டும், அண்ணே என்று கூப்பிட்டாலும்.

அவருடைய யோசனை ரொம்பச் சாதாரணமானது. விடிகாலையில் கிராமத்திலிருந்து கத்தரிக்காயும் கீரையும் ஏற்றி வருகிற வண்டிகள், வெயில் ஏறியதும் காலியாகத் திரும்புகின்றன. ஓட்டல்களின் பின்னால் வாழையிலை மலையாகக் கிடந்து நாறுகிறது. இரண்டையும் சேர்த்துவிட்டால் போதும். மார்க்கெட் வாசலில் நின்றுகொண்டு வண்டிக்காரர்களை மடக்குவார். "வெறும் வண்டியாவா போறீக? மாட்டுக்கு வெக்கமா இருக்காதாண்ணே?" என்பார். சிலர் திட்டுவார்கள். மாயாண்டி மட்டும் முதல் நாளே சிரித்துவிட்டு வண்டியைத் திருப்பினார். போகும்போது இலையைக் கிடங்கில் இறக்கிவிட்டு, மக்கிய உரத்தை ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போவார்.

வண்டிக்காரர்கள்கூட வழிக்கு வந்துவிட்டார்கள். சிக்கல் ஊருக்குள்தான் இருந்தது. நெடுங்கண்மாய் ஊர்ப் பெரியவர் ஒருவர் எங்கள் உரத்தை வரப்போடு நிறுத்திவிட்டார். "எவன் தின்ன எச்சி இலையோ! அதைப் போட்டு வெளைஞ்ச நெல்லுல சாமிக்கு எப்படிப்பா பொங்கல் வைக்கிறது?" என்று கேட்டார். நான் நுண்ணுயிர், தழைச்சத்து என்று புத்தகத்தில் படித்ததையெல்லாம் எடுத்துவிட்டேன். அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. அண்ணன் மெதுவாகத்தான் பேசினார்.

"மாமா, வருசா வருசம் எருவுக்காக வயல்ல ஆட்டுக் கிடை போடுறீகள்ல? ஆடு குளிச்சிட்டா வந்து படுக்குது? சரி, நெல்லுக்கு வேணாம். சோளத்தட்டைக்குப் போட்டுப் பாருங்க. மாடு கொறை சொன்னா விட்டுருவோம்."

மாடு குறை சொல்லவில்லை. அடுத்த வருடம் நெல்லுக்கும் வேண்டும் என்று அந்தப் பெரியவரே ஆள் விட்டார். அன்று அண்ணன் எனக்கு இரண்டு டீ வாங்கிக் கொடுத்தார், ஒன்று எனக்கு, இன்னொன்று என் நுண்ணுயிருக்கு என்று.

இனி எழுதப்போவதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன். ஓட்டல் இலையோடு கண்டதும் வரும். உடைந்த தம்ளர், தகரம், கோலி சோடா பாட்டிலின் சில்லு. அதனால் ஒவ்வொரு குவியலையும் இரண்டு முறை சலிப்போம். இரண்டாவது சலிப்பு முடிந்ததும் அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு, குவியல் முழுக்க மிதித்து நடப்பார். பித்துப் பிடித்தவர் மாதிரி இருக்கிறது என்று நான் கேலி செய்ததுண்டு. "வயல்ல நிக்கிறவுக செருப்புப் போட்டுக்கிட்டா நிக்கிறாக? அவுக காலு படுற எடத்துல மொதல்ல நம்ம காலு படணும்" என்றார். அவர் நடந்து பார்க்காத குவியல் வண்டி ஏறக்கூடாது. கிடங்கில் இருந்த ஒரே சட்டம் அதுதான்.

ஒரு புரட்டாசியில் அவர் தங்கையின் பிரசவத்துக்காக ராஜபாளையம் போயிருந்தார். கண்மாய்க்குத் தண்ணீர் வந்துவிட்டது, உழவுக்கு முன்னால் உரம் வேண்டும் என்று நெடுங்கண்மாயிலிருந்து ஆள்மேல் ஆள் வந்தார்கள். வானமும் கறுத்திருந்தது. ஒரு முறை சலித்த குவியல் ஒன்று இருந்தது. அண்ணன் வர இரண்டு நாளாகும். நான் செருப்பைக் கழற்றவில்லை. "ஏத்துங்க, ஒண்ணும் ஆகாது" என்று மாயாண்டியிடம் சொன்னது நான்தான்.

அந்த உரத்தைக் கூடையில் சுமந்து வயலில் விசிறியவர் இருளாயி. சொந்த நிலம் கிடையாது, கூலி வேலை. சோடா பாட்டிலின் கழுத்து வலது பாதத்தில் இறங்கியது. மஞ்சளை அப்பிக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போயிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் புரையோடி, பாதத்தின் முன்பாதியை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

அண்ணன் திரும்பி வந்த பிறகு நெடுங்கண்மாய் ஊர்ச் சாவடியில் கூட்டம் கூடியது. யார் ஏற்றிவிட்டது என்று கேட்டார்கள். எனக்கு வேலை உத்தரவு வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. சட்டைப் பையிலேயே இருந்தது. போலீஸ், கேஸ் என்று போனால் அந்தக் காகிதம் என்ன ஆகும் என்பது மட்டுமே என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முன்னால் போய்விட்டார். திறந்திருப்பேனா என்பதும் நிச்சயமில்லை.

"கெடங்கு எம் பொறுப்பு. நாந்தான் சரியாப் பாக்காம விட்டுட்டேன்."

ஒருவர் அவர் சட்டையைப் பிடித்தார். ஒரு கிழவி மண்ணை வாரித் தூற்றினாள். நான் அவருக்குப் பின்னால், இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். அந்த இரண்டடியை நான் கடக்கவே இல்லை.

அதன்பிறகு ஒருவரும் எங்கள் உரத்தைத் தொடவில்லை. மாதம் ஒன்றாவதற்குள் குழிகளை மூடிவிட்டார்கள். வண்டிகள் பழையபடி காலியாகத் திரும்பின. என்னைக் கல்லுப்பட்டிக்கு பஸ் ஏற்றிவிட அவரே வந்தார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "ஒனக்கு வேலை வந்திருக்கு. எனக்கு என்ன வந்திருக்கு? போடா. குழியில போட்டது எல்லாம் மக்கிரும்" என்றார். கண்ணாடி மக்காது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. தீபாவளிக்குக் கடிதம் போடுவேன், எப்போதாவது வில்லாபுரம் போய்ப் பார்ப்பேன். அவர் அந்தப் பேச்சையே எடுக்கமாட்டார். அவர் எடுக்கவில்லை என்பதை என் வசதிக்கு வைத்துக்கொண்டேன்.

நாங்கள் போனபோது வீட்டு வாசலில் பெண்களோடு இருளாயி உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ஊன்றுகோல். அவரால் நடக்க முடிகிற தூரமில்லை அது, யாரோ வண்டியில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அண்ணனை எடுத்துக்கொண்டு போன பிறகு, அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன். அன்றைக்கு உரம் ஏற்றியது நான்தான், அண்ணன் ஊரிலேயே இல்லை என்றேன். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

இருளாயி அழுது முடித்த முகத்தோடு என்னைப் பார்த்தார்.

"தெரியும்யா. ஆஸ்பத்திரியில கெடந்தப்பயே மாயாண்டி சொல்லிட்டான். அழகர் அண்ணாச்சி மாசம் தவறாம வந்து என்னையப் பாத்துட்டுப் போவாரு. ஒரு நாளும் ஒங்க பேரை எடுக்கலை. நீங்களா வந்து சொல்லுவீகன்னு நானும் வாயைத் தொறக்கலை." ஊன்றுகோலை மடிமீது எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார். "அவரு இருக்கையில சொல்லிருக்கலாம்ல?"

 

அழகர்சாமி அண்ணனைத் தெரிந்தவர்களே, அவரைப் பற்றி நல்லது பேசிவிட்டுக் கடைசியில் நீங்கள் ஒரு வார்த்தை சேர்ப்பதுண்டு, அந்தப் பொம்பளை கால் போனது இவரால்தான் என்று. சாவு வீட்டில்கூட ஒருவர் சொன்னார். அந்தப் பழி என்னுடையது. இத்தனை வருடமும் அதை அவர் எனக்காகச் சுமந்தார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதென்றால் அது ஒன்றுதான். இனி அதை இந்தக் கட்டுரையின் கீழே இருக்கும் என் பெயரைப் போட்டுச் சொல்லுங்கள்.