கிரேஸின் பால்கனி

ஈர சிமெண்ட் வாசனையும் லாரி டீசல் புகையும் கலந்த ஒரு காற்று... 1998-இல் கென்யா–உகாண்டா எல்லையில் ஒரு சின்ன ஊரில், பன்னிரண்டே அறைகள் இருந்த லாட்ஜின் வாசலில் பெட்டியோடு நின்றபோது முதலில் மூக்கில் ஏறியது அதுதான்.

நான் அங்கே போனது ஊர் சுற்றிப் பார்க்க இல்லை. பொறாமையில் போனேன். இத்தனை வருடம் கழித்து ஒத்துக்கொள்வதில் என்ன வெட்கம்...

அப்போது நாங்கள் நியூ ஜெர்சியில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருந்தோம். கணவர் செந்திலுக்கு எச்-1 விசா. அவரைச் சார்ந்து வந்த எனக்கு எச்-4. அதில் வேலைக்குப் போகக் கூடாது. ஈரோட்டில் ஐந்து வருடம் கட்டட இன்ஜினியராக சைட்டில் வெயிலில் நின்றவள், இங்கே அபார்ட்மெண்ட் ஜன்னலில் நின்று பார்க்கிங் லாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செந்திலை அவர் கம்பெனி மூன்று மாதத்துக்கு அந்த எல்லை ஊருக்கு அனுப்பியது. சுங்க அலுவலகத்தில் கம்ப்யூட்டர் போடும் வேலை. போன் பண்ணும்போதெல்லாம் ஒரே பேர்தான்.

"கிரேஸ் இன்னைக்கு எனக்காக பீன்ஸ்ல காரம் போட்டுச் செஞ்சாங்க... தனியாளா ஒரு லாட்ஜையே நடத்துறாங்க புள்ள. இப்ப மாடி வேற கட்டுறாங்க!"

"ஏனுங்க, அந்த கிரேஸுக்கு என்ன வயசு இருக்கும்?"

"நம்ம வயசுதான் இருக்கும்..."

"நானும் ஒரு வாரம் வர்றேன். டிக்கெட் போடுங்க."

கிரேஸ் நான் கற்பனை செய்த மாதிரி இல்லை. வயதும் எங்களைவிடப் பத்து கூடவே இருக்கும். ஆண்பிள்ளைச் சட்டை, முழங்கை வரை சிமெண்ட் தூசி. சிரித்துக்கொண்டே ரிஜிஸ்டரை நீட்டினார். அதில் 'தொழில்' என்று ஒரு கட்டம். என் பெயருக்கு நேராக செந்தில் யோசிக்காமல் 'ஹவுஸ்வைஃப்' என்று எழுதினார். தப்பில்லை, உண்மைதான். ஆனால் சுருக்கென்றது.

பச்சை பெயிண்ட் அடித்த அறை, ஓட்டை தைத்த கொசுவலை, குளிக்க பக்கெட்டில் வெந்நீர். வெளியே எல்லை திறக்கக் காத்திருக்கும் லாரிகளின் வரிசை. கிரேஸின் கணவர் லாரி டிரைவராம், விபத்தில் போய் ஆறு வருடம். இரண்டு பெண்கள் போர்டிங் ஸ்கூலில். செந்தில் அவரிடம் சொந்த அக்காவிடம் பேசுவது போலத்தான் பேசினார்.

அரை நாளில் என் சந்தேகம் போய்விட்டது. பொறாமை போகவில்லை. வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அவர் மேஸ்திரியை அதட்டுவதையும், மணல் லாரியைத் திருப்பி அனுப்புவதையும் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. படித்தது நான். கட்டுவது அவள்!

மூன்றாம் நாள் மேலே ஏறிப் பார்த்தேன். ரோட்டுப் பக்கம் நீட்டிக்கொண்டு ஒரு பால்கனி. கம்பி கட்டி முடித்து, மறுநாள் கான்கிரீட் போடத் தயாராக இருந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது. மேலே இருக்க வேண்டிய கம்பியையெல்லாம் அடியில் கட்டியிருந்தார்கள். கான்கிரீட் காயும்வரை தாங்கி நிற்கும் முட்டுப் பலகையைப் பிரித்த அன்றே அது விழலாம்.

சொல்லவில்லை... சாப்பாட்டு மேஜையில் கிரேஸுக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தேன். 'அவ்வளவு கெட்டிக்காரிதானே, அவளே கண்டுபிடிக்கட்டும்' என்று உள்ளே ஒரு குரல். அந்தக் குரல் என்னுடையதுதான்.

கிரேஸ் சப்பாத்தியைப் பிய்த்தபடி சொன்னார்: "அடுத்த மாதம் பிள்ளைகளுக்கு லீவு. பால்கனியில் நின்று லாரி பார்க்கப் போகிறோம் என்று இப்பவே சண்டை."

கையில் இருந்த சப்பாத்தியைத் தட்டில் வைத்தேன்.

"கிரேஸ், நாளைக்கு கான்கிரீட் போடாதீங்க. அந்த பால்கனி நிக்காது."

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். கிரேஸ் ஆள் அனுப்பி மேஸ்திரியைக் கூப்பிட்டார். மேஸ்திரி வந்தார், கேட்டார், சிரித்தார். இருபது வருடமாக இப்படித்தான் கட்டுகிறாராம். செந்தில் என் காதருகில், "விடு புள்ள, நமக்கெதுக்கு வம்பு?" என்றார்.

காலில் இருந்த ரப்பர் செருப்பைக் கழற்றினேன். மேல்பக்கம் மேஸ்திரியின் சாக்பீஸால் குறுக்கே கோடு கோடாகப் போட்டேன். ஒரு நுனியை மேஜையோடு அழுத்திப் பிடித்து, வெளியே நீட்டிய நுனியைக் கீழே அமுக்கினேன். கோடுகள் விலகின.

"பாருங்க, விரியறது மேலதான். கம்பி அங்கதான் வேணும்."

கிரேஸ் செருப்பை வாங்கி, தானே ஒரு முறை அமுக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ யார்?"

"இன்ஜினியர்." அந்த வார்த்தையை நான் சொல்லி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

மறுநாள் கான்கிரீட் இல்லை. கம்பியைப் பிரித்து மறுபடி கட்டினார்கள். மேஸ்திரி என்னைத் திட்டிக்கொண்டேதான் கட்டினார், மொழி புரியாததால் பிழைத்தேன். இரண்டு நாள் கழித்து கான்கிரீட் போட்டபோது செந்திலின் பழைய பேண்ட்டை மாட்டிக்கொண்டு காலையிலிருந்து கூடவே நின்றேன். அதற்கு அடுத்த நாள் எனக்கு ஃப்ளைட். கிளம்பும்போது கிரேஸிடம், "உங்க மேல எனக்கு ரொம்பப் பொறாமை" என்றேன். அவர் சத்தமாகச் சிரித்தார்.

"எனக்கு மட்டும் இல்லையா? உனக்குப் படிப்பு இருக்கிறது. சாயங்காலம் வீட்டுக்கு வருகிற புருஷனும் இருக்கிறான்."



கிறிஸ்துமஸுக்கு ஒரு கடிதம் வந்தது. பால்கனி அசையவில்லை, பிள்ளைகள் அதிலேயேதான் கிடக்கிறார்கள் என்று. அதன்பிறகு வீடு மாறி, ஸ்டேட் மாறி, தொடர்பு விட்டுப்போனது.

கிரீன் கார்டு வந்து நான் மறுபடி வேலைக்குப் போக இன்னும் ஐந்து வருடம் ஆனது. இப்போது டெக்சாஸ், ரவுண்ட் ராக். மற்றவர்கள் கட்டப்போகும் வீடுகளின் வரைபடத்தைச் சரிபார்ப்பது என் வேலை.

போன மாதம் எங்கள் டீமில் ஒரு கோயம்புத்தூர்ப் பெண் சேர்ந்தாள். அவளும் எச்-4-தான். ஆனால் இப்போது அதில் சிலருக்கு வொர்க் பெர்மிட் கிடைக்கிறது. "ஆன்ட்டி, ஆறு மாசம் வீட்ல சும்மா இருந்தேன், பைத்தியமே பிடிச்சிருச்சு" என்றாள்.

"ஆமாம்மா, கஷ்டம்தான்" என்றேன்.

ஆறு மாசமாம்... எனக்கு ஏழு வருடம். அவள் சைட்டுக்குக் கிளம்பி, ஹெல்மெட்டைப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு காரை எடுத்தபோது, அந்தப் பழைய எரிச்சல் வயிற்றில் லேசாக எட்டிப் பார்த்தது. "பாத்து ஓட்டும்மா" என்று கையசைத்துவிட்டு, என் சீட்டுக்குத் திரும்பினேன்.