ரத்தினத்தின் ஐந்தாவது கம்பி

பாதிச் செவிடன் பேண்டில் சேர முடியாது என்றார்கள்; சேர்ந்தான். தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையான ஸ்கெலட்டன் லைனில் பிறந்தவன் கிளப் மேடையில் ஏற முடியாது என்றார்கள், ஏறினான். பேஸ் கிட்டார் என்றால் என்னவென்றே தெரியாத எங்கள் லைனில், ஐந்து கம்பி பேஸ் கிட்டாரை வாங்கி வந்து, அதை வாசிப்பதற்கு வீட்டுக்கு வீடு சம்மதம் பெற்றான். மூன்றில் கடைசிதான் கடினமானது.

ரத்தினம் என் தம்பி. அவனுக்கும் எனக்கும் நாலு வயது வித்தியாசம். மீசை முளைத்த கையோடு சுரங்கத்தில் இறங்கி, ட்ரில் மெஷின் பிடிப்பவருக்கு உதவியாளாக இருந்தான். சில வருஷங்களில் மெஷின் அவன் காதைத் தின்றுவிட்டது. முழுதாகத் தின்னவில்லை. குருவிச் சத்தம், சைக்கிள் மணி, நான் கூப்பிடும் குரல் இவையெல்லாம் போயின. இடி, மேளம், லாரி இவை மிஞ்சின. கம்பெனி டாக்டர் அவனை மேலே மரக்கிடங்குக்கு மாற்றினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் தங்கவயலிலேயே இருக்கும் கோரமண்டல் பகுதிக்குப் போவான். அங்கே சிரில் என்பவர் ஒரு டான்ஸ் பேண்ட் நடத்தினார். டிரம்ஸ் தூக்கிக் கொடுப்பதும் ஒயர் சுருட்டுவதும் ரத்தினத்தின் வேலை. பேண்ட் வாசிக்கும்போது மற்றவர்கள் பாடுகிறவரைப் பார்ப்பார்கள். இவன், இடிபோல் தாழ்ந்த சத்தம் தரும் பேஸ் கிட்டாரின் ஒலிபெருக்கிப் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பான். பேஸ் வாசித்தவர் நல்லவர். இடைவேளையில் கிட்டாரை இவன் கையில் கொடுப்பார். இரண்டு வருஷம் அப்படியே கற்றுக்கொண்டான்.

1973 நடுவில் அவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போய்விட்டார். கிட்டாரும் கூடவே போனது.

சிரில் ரத்தினத்தைக் கூப்பிட்டு, வாய் அசைவு தெரியும்படி எதிரே நின்று சொன்னார்: "உனக்குக் கை கீது, தாளம் கீது. கிட்டார் எங்க கீது மேன்? டிசம்பர் மொத வாரத்துக்குள்ள சொந்தக் கிட்டாரோட வா, கேட்டுப் பாக்கறேன். சரியா இருந்தா கிளப்புல கிறிஸ்மஸ் டான்ஸ் உனக்கு. இல்லன்னா பெங்களூர்லேர்ந்து ஆள் வருவான்."

நான் தையல் வேலை செய்து கட்டிய சீட்டு அப்போது முடிந்து, பணம் கையில் இருந்தது. அதற்கு மேல் கடன் வாங்குவதில்லை என்று இருவரும் முதலிலேயே பேசிக்கொண்டோம். எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று சிரிலிடமே கேட்டேன். நான்கு விஷயம் சொன்னார். கழுத்து வளையாமல் இருக்க வேண்டும். கம்பியைச் சும்மா மீட்டினால் வரும் சுரமும், அதைச் சரியாகப் பாதியில் அழுத்தி மீட்டினால் வரும் சுரமும், ஒன்று கீழே ஒன்று மேலே என்றாலும் ஒன்றுபோல் சேர வேண்டும். கம்பியை முறுக்கும் ஆணி வழுக்கக் கூடாது. பெட்டியில் மாட்டினால் சும்மா இருக்கும்போது இரையக் கூடாது. துணி எடுக்கப் போகிறவள் அளவை மனதில் வைப்பதுபோல நான்கையும் வைத்துக்கொண்டேன்.

பெங்களூரில் முதல் கடையில் கல்கத்தாவில் செய்த கிட்டார் காட்டினார்கள். விலை குறைவு, சிவப்பு வர்ணம் கண்ணைப் பறித்தது. முறுக்கி வைத்த கம்பி, நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே தளர்ந்தது. எழுந்து வந்துவிட்டோம்.

இரண்டாவது கடையில் ஒரு வெளிநாட்டுக் கிட்டார். யாரோ உபயோகித்தது, ஆனால் புதிதுபோல் இருந்தது. விலையும் படிந்துவிடும்போல் இருந்தது. ரத்தினம் மீட்டிப் பார்ப்பதற்கு முன் விரல் முட்டியால் அதன் வயிற்றில் தட்டினான். இன்னொரு இடத்தில் தட்டினான். முகம் சுருங்கிவிட்டது.

"அக்கா, டொங்குனு கேக்குது. வேணாம்."

சுரங்கத்தில் வெடி போட்ட பிறகு கூரைப் பாறையைக் கடப்பாரையால் தட்டிப் பார்ப்பார்கள். டொங்கென்று கேட்டால் உள்ளே விட்டுப்போயிருக்கிறது, விழும். யாரும் அதன் கீழே போகக் கூடாது.

கடைக்காரர் சிரித்தார். "உள்ள காலியா வெச்சித்தாம்பா செஞ்சிருக்கான். இது கிட்டாருப்பா, பாறையில்ல."

"சரிங்க," என்றான் ரத்தினம். "இருந்தாலும் வேணாங்க." கிட்டாரின் கீழிருந்து காலை இழுத்துக்கொண்டான்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. நல்ல சாமானைக் கைவிடுகிறோமோ என்று வாசலில் நின்று கேட்டேன். அவன் அதற்குள் தெருவில் இறங்கியிருந்தான்.

கண்டோன்மென்டில் வாத்தியம் பழுது பார்க்கும் பர்னபாஸ் என்பவரின் பட்டறைக்குப் போனோம். சுவரில் ஒன்று தொங்கியது. பளபளப்பு இல்லை. அழுத்தமான பலாமர நிறம். கம்பிகளை எண்ணினேன், வழக்கமான நாலு இல்லை, ஐந்து.

"ஒருத்தர் ஆர்டர் குடுத்தாரும்மா. செஞ்சி முடிச்சதும், நாலு விரலுக்கு நாலு கம்பி போதும்னு போயிட்டார்," என்றார் பர்னபாஸ். "அஞ்சாவது, பழைய பியானோ கம்பி. அதுக்குக் கீழ போற சத்தம் எந்தக் கிட்டார்லயும் கேட்டிருக்க மாட்டீங்க."

ரத்தினம் தட்டினான். திடமான மரம். பிறகு கிட்டாரின் உடம்பில் கொம்புபோல் நீண்டிருந்த மேல் முனையில் தாடையை அழுத்தி வைத்து, ஐந்தாவது கம்பியை மீட்டினான். சத்தம் அடங்கியதும் மறுபடி மீட்டினான்.

"அக்கா, இது எனக்கு முழுசா கேக்குது."

அவன் முகத்தைப் பார்த்து அப்போதே பணத்தை எடுத்துக் கொடுத்திருப்பேன். ஆனால் நான்கு விஷயம் இருந்ததே. ஆணி வழுக்கவில்லை. பெட்டியும் இரையவில்லை. கழுத்தைக் கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்த்தால், தடித்த கம்பியின் இழுப்பில் லேசாக வளைந்திருந்தது. பாதியில் அழுத்தினால் ஐந்தாவது கம்பி மட்டும் சேராமல் தனியாக நின்றது. சொன்னேன். பர்னபாஸ் மறுக்கவில்லை. கழுத்துக்குள் இரும்புக் கம்பி வைத்து, அடியில் கம்பி தாங்கும் கட்டையையும் நகர்த்தித் தருகிறேன், அடுத்த வாரம் வாருங்கள் என்றார். வெறுங்கையோடு ரயில் ஏறினோம். பங்காருப்பேட்டை வரை ரத்தினம் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தான். அடுத்த வாரம் போனபோது கழுத்து நேராக இருந்தது, சுரமும் சேர்ந்தது. யாரும் கேட்காத சாமான் என்பதால் நாலு கம்பி விலைக்கே கொடுத்தார்.

சிரில் ஒரு பழைய ஒலிபெருக்கிப் பெட்டியை இரவல் கொடுத்தார். அதை வீட்டில் மாட்டி, சாயங்காலம் ரத்தினம் ஐந்தாவது கம்பியை மீட்டினான்.

அலமாரியில் தட்டுகளும் டம்ளர்களும் கலகலவென்று ஆடின. சுவரில் புத்தர் படம் ஆணியில் தாளம் போட்டது. தங்கவயலில் பாத்திரம் தானாக ஆடினால் ஒரே அர்த்தம்தான்: கீழே எங்கோ பாறை வெடித்திருக்கிறது. நான் வாய் திறப்பதற்குள் லைன் முழுக்கக் கதவுகள் திறந்தன. "எந்த ஷாஃப்ட்டு? எந்த ஷாஃப்ட்டுடீ?" என்று கேட்டுக்கொண்டு பெண்கள் சுரங்க வாய்ப் பக்கம் ஓடினார்கள். பாத்திரச் சத்தம் ரத்தினத்துக்குக் கேட்காது. கண்ணை மூடிக்கொண்டு, சிரித்த முகமாக மீட்டிக்கொண்டே இருந்தான்.

பக்கத்து வீட்டுப் பார்வதம்மா ஈரக் கையோடு உள்ளே வந்தாள். அவள் புருஷன் காத்தவராயன் அந்த நேரம் ஷிஃப்டில், சுரங்கத்தின் அடியில் இருந்தார். கம்பிமேல் அவள் கையை வைத்த பிறகுதான் ரத்தினம் கண் திறந்தான்.

"இன்னாடா இது? என் உசுரே போயிடுச்சி!"

"பேஸ் கிட்டாருக்கா."

"எதுவோ ஒண்ணு. இன்னிக்கி நாங்க பயந்தோம், சரி. நாளைக்கி நெஜமாவே குலுங்கினா, ரத்தினம் வாசிக்கிறான்னு அரிசி களைஞ்சிகினு உக்காந்திருப்போம். அது பரவால்லியா உனக்கு?"

ரத்தினம் எழுந்து பெட்டியை அணைத்துவிட்டான்.

சிரிலிடம் போய்ச் சொன்னோம். "அஞ்சாவதைக் கழட்டிடு மேன். நாலு போதும்," என்றார் அவர்.

"நாலுல மெல்லிசு கம்பி ரெண்டும் எனக்குப் பாதிதாங்க கேக்குது. அஞ்சாவதை வெச்சித்தான் மத்ததைப் புடிக்கிறேன். கழட்டணும்னா பெங்களூர் ஆளையே கூப்புடுங்க," என்றான் ரத்தினம்.

மறுநாள் வேலை முடிந்து வந்தவன் முகம்கூடக் கழுவாமல் பார்வதம்மா வீட்டு வாசலில் நின்றான். "அக்கா, வாசிக்கறதுக்கு முன்னாடி வந்து சொல்றேன். முடிச்சிட்டும் வந்து சொல்றேன். நடுவுல குலுங்கினா நான். மத்த நேரம் குலுங்கினா நான் இல்ல."

"எனக்கு மட்டும் சொன்னா போதுமா?"

"எல்லா வீட்டுக்கும் சொல்றேன்."

சொன்னான். தினமும் லைனின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை கதவு தட்டிக்கொண்டு போவான்; வாசித்து முடித்ததும் மறுபடி போவான். பூட்டிய வீடு இருந்தால், அவர்கள் திரும்பும்வரை பெட்டியைத் தொட மாட்டான். மழையிலும் போனான். காய்ச்சலிலும் போனான். கேலிக்குக் குறைவில்லை. "இன்னா, பூகம்பம் சார் கெளம்பிட்டாரா?" என்பார்கள். "வாசிக்கிற நேரத்தவிட நடக்கிற நேரந்தான்டா அதிகம், நீ பேசாம தபால்காரனா போ." உதடு படித்துப் புரிந்துகொண்டு சிரிப்பான். ஒரு நாள் அவன் வரத் தாமதமானபோது பார்வதம்மாவே எட்டிப் பார்த்து, "இன்னாப்பா, இன்னிக்கி இல்லியா? பாத்திரத்தை எல்லாம் கீழ எறக்கி வெச்சிட்டேன்," என்றாள்.

டிசம்பர் முதல் வாரம் சிரில் கேட்டுப் பார்த்தார். பேண்ட் முழுக்க வாசித்தது. ரத்தினம் தாடையைக் கொம்பில் பதித்து, டிரம்ஸ்காரரின் காலைப் பார்த்துக்கொண்டு வாசித்தான். ஆறு பாட்டு முடிந்ததும் சிரில் ரத்தினத்தின் எதிரே வந்து நின்றார். 

"டான்ஸுக்குப் போட டை வெச்சிகினு கீறியா?" என்று கேட்டார்.

இல்லை. நான் தைத்துக் கொடுத்தேன்.

கிறிஸ்மஸ் டான்ஸ் நன்றாக நடந்தது. மறுநாள் காலை பேண்ட்காரர்களுக்குக் கிளப் ஆபீசில் சம்பளம் கொடுத்தார்கள். வாங்குகிறவர் அவரவர் கையெழுத்துப் போட வேண்டும். ரத்தினம் மூன்றாவது வரைதான் படித்தவன். சுரங்கத்திலும் மரக்கிடங்கிலும் பெருவிரலை மையில் வைத்தே கூலி வாங்கினான். அது தெரிந்த சிரில், "குடு, நான் போட்டுடறேன்," என்று பேனாவுக்குக் கை நீட்டினார். ரத்தினம் தலையசைத்து மறுத்துவிட்டான். குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி எழுதினான். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள், அவன் அவசரப்படவில்லை. ரத்தினம் என்று எழுதி, பக்கத்தில் பேஸ் என்றும் சேர்த்தான். நான் அருகில் நின்று பார்த்தேன். அன்று 1973 டிசம்பர் 26, புதன்கிழமை.