குண்டு மேட்டு மண்

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு ஒரு ஆராய்ச்சி நிலையத்தின் மண் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. அப்பா ராணுவக் கேன்டீனில் வேலை பார்த்தவர். பெங்களூர் ஆஸ்டின் டவுனில் வளர்ந்த எனக்கு லாரிகளும் பெரேடுகளும் புதிதில்லை. ஆனால் ராணுவம் விட்டுப்போன நிலம் எப்படி இருக்கும் என்று அதுவரை யோசித்ததில்லை.

சந்தாபுராவைத் தாண்டி ஆனேக்கல் பக்கம் உள்ளே திரும்பினால், ஒரு பழைய துப்பாக்கிப் பயிற்சித் திடல். பல வருஷமாக அங்கே யாரும் சுடவில்லை. மானாவாரிப் பயிர்களை ஆராய்வதற்காக அதை எங்கள் நிலையத்துக்குக் கொடுத்திருந்தார்கள். வெடிக்காத வெடிகுண்டு எதுவும் இல்லை என்று ராணுவத்திலேயே தேடிப் பார்த்து எழுதியும் கொடுத்தாகிவிட்டது. மண்ணை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கட்டடத்தை ஆரம்பிக்கலாம் என்றார் எங்கள் மேடம். அவர் மண் வேதியியல் படித்த மைசூர்க்காரர். எதையும் இரண்டு தடவை கேட்பார்.

திடலின் கடைசியில் இரண்டு ஆள் உயரத்துக்கு நீளமான செம்மண் மேடு இருந்தது. குறி பார்த்துச் சுட்டதெல்லாம் அதில்தான் போய்ப் புதைந்திருக்கிறது. ஊரில் அதற்குக் குண்டு மேடு என்றே பெயர். நான் போன முதல் நாள் அதன் அடிவாரத்தில் ஒரு பெண் உட்கார்ந்து சல்லடையில் மண் சலித்துக்கொண்டிருந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவளாக இருப்பாள். முதலில் கன்னடத்தில் பேசினாள். நான் எங்கள் ஜீப் டிரைவரிடம் தமிழ் பேசியதைக் கேட்டதும் தமிழுக்கு மாறிவிட்டாள். பிறந்த வீடு ஓசூர் பக்கமாம்.

சல்லடையில் தங்கியதை என் உள்ளங்கையில் கொட்டினாள். நசுங்கிய சாம்பல் நிறக் கட்டிகள், சின்னதாக இருந்தாலும் நல்ல கனம். துப்பாக்கிக் குண்டுகளின் ஈயம். மழை பெய்த மறுநாள் நிறைய மேலே வரும் என்றாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து பொறுக்கி, உருக்கி, பழைய இரும்பு வாங்கும் குஜிரிக் கடையில் எடைக்குப் போடுகிறாளாம். எதில் உருக்குவீர்கள் என்று கேட்டேன். வீட்டு அடுப்பில்தான், அதற்கென்று ஒரு பழைய வாணலி வைத்திருக்கிறேன் என்றாள். எனக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது.

மறுநாள் டீ குடிக்கும்போது மேடத்திடம் கதை மாதிரி சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அந்த வீட்டில் குழந்தைகள் இருக்கா?" என்று கேட்டார். நான் கேட்டிருக்கவில்லை.

ஒரு மாதம் மண் எடுத்தோம். மேட்டில் ஈயம் மிக அதிகம். திடலின் மறுகோடியில் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் மேட்டிலிருந்து மழைத்தண்ணீர் ஓடி ஊர்க்குட்டையில் விழும் வாய்க்காலின் வண்டலில் இருந்தது. மேடம் கட்டட வேலையை நிறுத்தச் சொல்லி எழுதினார். மேலதிகாரிகளுக்கு அது பிடிக்கவில்லை. சுத்தமான இடம் என்று காகிதம் இருக்கிறதே என்றார்கள். அந்தக் காகிதம் வெடிகுண்டைப் பற்றியது, ஈயத்தைப் பற்றியது இல்லை என்று மேடம் பதில் எழுதினார்.

இதற்கெல்லாம் காத்திருக்காமல், அந்தப் பெண்ணிடம் அவள் பிறந்த வீட்டுத் தமிழிலேயே எடுத்துச் சொல்லும் வேலையை மேடம் முதல் வாரமே என்னிடம் கொடுத்திருந்தார். அவளுக்கு இரண்டு பெண்கள். சின்னவளுக்கு நாலு வயசு, வெளுத்துப்போய் இருந்தாள். அடிக்கடி வயிற்றுவலி என்று அழுவாளாம். ஈயப் புகையும் தூசியும் குழந்தைகளின் ரத்தத்தில் சேரும் என்று எனக்குத் தெரிந்த வார்த்தைகளில் சொல்லி முடித்தேன். அவள் சின்னவளை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"அடுப்புலதான் உருக்கறேன்னு அன்னிக்கே சொன்னேனே. அன்னிக்கே ஏன் சொல்லல?"

"எனக்குத் தோணவே இல்லக்கா," என்றேன். அதுதான் உண்மை. ஈயம் விஷம் என்று பரீட்சையில் எழுதித் தேறியவள் நான்.

எங்கள் ஜீப்பிலேயே மூன்று பேரையும் நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். மூவரிலும் சின்னவளுக்குத்தான் ரத்தத்தில் ஈயம் அதிகம் இருந்தது. உருக்குவதை உடனே நிறுத்த வேண்டும், இரும்புச்சத்துள்ள சாப்பாடு கொடுக்க வேண்டும், மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். வாணலியை அவளே கொண்டுவந்து கொடுத்தாள். மேடமும் நானும் போய் அடுப்புச் சாம்பலை ஈரப்படுத்தி அள்ளி, தரையை ஈரத்துணியால் துடைத்தோம்.

அடுத்த வாரம் அவள் திடலுக்கு வந்து மேடத்தைத் தேடினாள். "நாங்க திங்கற ராகியில இருக்கா? கீரையில?" என்று கன்னடத்தில் கேட்டாள். எங்கள் திட்ட அறிக்கையில் பக்கம் பக்கமாக என்னென்னவோ இருந்தது. அந்தக் கேள்வி மட்டும் இல்லை.

அதுவே அங்கே நாங்கள் செய்த முதல் ஆராய்ச்சியாயிற்று. மேட்டு மண்ணைத் தொட்டிகளில் நிரப்பி ராகியும் தண்டுக்கீரையும் விதைத்தோம். எந்தப் பக்கம் அதிகம் சுட்டார்கள், தண்ணீர் எப்படி ஓடும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்ததால் மண் எடுக்க அவளையே வேலைக்குச் சேர்த்துக்கொண்டோம். கையுறை போட்டுக்கொள்ளச் சொன்னதற்கு முதலில் சிரித்தாள். ராகியில் ஈயம் பெரும்பாலும் வேரோடு நின்றுவிட்டது, தானியத்தில் மிகக் கொஞ்சம்தான். கீரை அப்படியில்லை. இலையில் ஒட்டிய தூசியைப் பல தண்ணீர் விட்டு அலசிய பிறகும் மிச்சம் இருந்தது. மேட்டோரம் கீரை பறிப்பதை அவளே வீடு வீடாகப் போய் நிறுத்தினாள். நான் சொன்னபோது யாரும் கேட்கவில்லை.

பிறகு மேட்டை நல்ல மண்ணால் மூடிப் புல் வளர்த்தோம். வாய்க்காலை மறித்துச் சின்னக் கரை போட்டோம். கட்டடம் மறுகோடியில், முதலில் போட்ட திட்டத்தைவிடச் சின்னதாக எழும்பியது. சின்னவளுக்கு அடுத்த வருஷப் பரிசோதனையில் குறைந்திருந்தது. அதற்கடுத்த வருஷம் இனி வர வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிறந்ததிலிருந்து அந்தப் புகையில் கழிந்த நாலு வருஷத்தில் அவளுக்கு ஏதாவது நஷ்டமாயிற்றா என்று மட்டும் யாராலும் சொல்ல முடியவில்லை. அன்னிக்கே ஏன் சொல்லல என்று அக்காவும் என்னிடம் மறுபடி கேட்கவில்லை.

வேறு கேள்விகள் நிறையக் கேட்டாள். புல் நன்றாகப் பிடித்த ஒரு மழைக்காலத்தில், இந்த மண்ணில் மண்புழு இருக்குமா என்றாள். எனக்குத் தெரியவில்லை, மேடத்துக்கும் தெரியவில்லை. மேட்டின் அடியில் ஒரு முழம் ஆழத்துக்குத் தோண்டினோம். மூன்று பேரும் குனிந்து மண்ணைக் கட்டி கட்டியாக உடைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தோம். சாப்பாட்டு நேரம் தாண்டிய பிறகு ஒன்று கிடைத்தது. மெலிந்துதான் இருந்தது, ஆனால் நெளிந்தது.