வழிவிடாத வரி

வடக்கே போசரியில் எங்கள் தொழிற்சாலை உலை அன்று சூடேறிக்கொண்டே போனது. உள்ளே பல்சக்கரங்களைச் சுமந்த கன்வேயர் பட்டையோ நகர மறுத்தது. இன்னும் பத்து நிமிடம் போனால் அத்தனையும் வீண். காலையில் அதன் கணினி நிரலில் கைவைத்தவன் நான். அது இன்னும் யாருக்கும் தெரியாது.

மேலாளர் முன்பே அழைத்திருந்த நிரலாளர் பெண் ஒருவர் பக்கத்து வாகடிலிருந்து பைக்கில் வந்து இறங்கினார். கோவைக்காரர், ஒல்லி, நெற்றியில் ஹெல்மெட் அழுத்திய தடம். திரையில் விரல் வைத்து வரிவரியாக வாசித்தார். கதவு, பட்டை, விசிறி என்று உலையின் வேலைகளெல்லாம் ஒரே நிரலுக்குள் மாறி மாறி ஓடுபவை. ஒன்று தானாக நின்று வழிவிட்டால்தான் அடுத்தது நகரும். வழிவிடும் வரி வரும்போதெல்லாம், எதிரே ஆள் நிற்பதுபோல, "நீங்க போங்க" என்று முணுமுணுத்தார்.

ஓரிடத்தில் விரல் நின்றது. பட்டையை ஓட்டும் பகுதியைக் காட்டி என்னிடம் சொன்னார்:

"கதவு மூடட்டும்னு காத்துட்டே நிக்கறாருங்ணா இவரு. யாருக்கும் வழி விடறதில்லீங்க."

என் வரிகள். மேலே என் பெயரும் இருந்தது; என் கழுத்து அட்டையிலும் அதே பெயர்.

வழிவிடும் வரி ஒன்றே ஒன்று சேர்த்தார். கதவு மூடியது. பட்டை முனகியபடி நகர்ந்தது.

"கிஸ்னே லிகா யே?" யார் எழுதியது என்று மேலாளர் கத்தினார். போன மாதம்தான் இதைவிடச் சின்னத் தவறுக்கு ஒருவரை வெளியே அனுப்பியிருந்தார்.

அந்தப் பெண் என்னையே பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"ஹோ கயா சார், சல் ரஹா ஹை," சரியாகிவிட்டது, ஓடுகிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

என் வேலையைக் காப்பாற்றினாரா, நானே சொல்வேன் என்று எதிர்பார்த்துச் சலித்தாரா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.